கேளுங்க, சொல்லுறன்: ட்ராக் டேக்கு எந்த டயர்?

போன இதழில ட்ராக் டே பற்றி ஒரு மூலையில நாலு வரி எழுதினதுதான், இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசி அதைப் பற்றித்தான். தெரியாதாக்களுக்காக ஒருக்கா சொல்லிப்போட்டுத் தொடங்குறன். ட்ராக் டே எண்டா ரேஸ் இல்ல. கப் இல்ல, முதலாமிடம் ரெண்டாமிடம் இல்ல. ரேஸ் ட்ராக்க ஒரு நாளைக்கு எடுத்து, காசு கட்டினாக்கள புதுசா வந்தவை, கொஞ்சம் பழகினவை, வேகமா ஓடுறவை எண்டு பிரிச்சு, ஒவ்வொரு குறூப்பையும் பதினைஞ்சு இருபது நிமிசம் ஓட விடுவினம். எதிர்ல பஸ் வராது, குறுக்க மாடு வராது, அதுக்குத்தான் காசு.

கேள்வி: அண்ணா, நானும் கூட்டாளிமார் ரெண்டு பேரும் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில ட்ராக் டே ஒண்டுக்குப் போகப் பாக்கிறம். என்னட்ட இருக்கிறது யமஹா ஆர்15 வி3 பைக். பின் டயர் 140, அத 150 இல்லாட்டி 160 ஆக்கினா கிரிப் கூடுமா? செக்கண்ட் ஹாண்ட் ஸ்லிக் ஒரு சோடியும் வருது, எடுக்கட்டா?
— வாசகர், உவர்மலை

பதில்: ரெண்டும் வேணாம் தம்பி.

முதல் அகலக் கதைய முடிப்பம். உங்கட பைக்குக்கு கொம்பனி குடுத்தது முன்னுக்கு 100/80-17, பின்னுக்கு 140/70-17. 140 எண்டது மில்லிமீட்டர்ல அகலம், 70 எண்டது அந்த அகலத்தில எத்தினை சதவீதம் உயரம் எண்டது, அப்ப 98 மில்லிமீட்டர், கடைசி 17 ரிம்மின்ட அங்குலம். இப்ப ரிம் அதே ரிம், அதில 160 டயர ஏத்தினா ரெண்டு பக்கச் சுவரையும் ரிம் உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும், டயர்ட முதுகு கூம்பிக்கொண்டு வரும், நிறுத்திப் பாக்க சும்மா சுப்பர்பைக் மாதிரி வடிவா இருக்கும், ஆனா பைக்க சரிக்கேக்க டயர் செய்த ஆள் நினைச்ச இடம் ரோட்டில படாது. பைக் திரும்பவும் பஞ்சிப்படும். சில பைக்ல செயினோட உரசும், மட்கார்ட்ல உரசும். அகலம் மாத்தாம உயரத்த மட்டும் மாத்துவம் எண்டு எஃப்செட், ஜிக்ஸர் மாதிரி பைக்ல வாற 140/60 எடுத்துப் போடுற ஆக்களும் இருக்கினம். அது 84 மில்லிமீட்டர் உயரம், பைக்ட பின்பக்கம் 14 மில்லிமீட்டர் பதிஞ்சிடும், முன்பக்கம் நிமிந்து நிக்கும், வளைவுக்குள்ள படக்கெண்டு விழுந்துகொண்டிருந்த பைக் இப்ப யோசிச்சு யோசிச்சுத் திரும்பும். 18, 19 குதிரைவலு இருக்கிற பைக்குக்கு 140 தாராளம்.

ஸ்லிக் எண்டது வெட்டே இல்லாத ரேஸ் டயர். அந்த ரப்பர் வேலை செய்ய நல்லாச் சூடாகோணும், அதுக்குத்தான் ரேஸ் டீம்காரர் கறண்ட் போர்வை சுத்தி 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வைச்சு அப்பிடியே ட்ராக்குக்கு இறக்கிறது. உங்களிட்ட போர்வையும் இல்ல, ஜெனரேட்டரும் இல்ல, 150 சிசி பைக் அந்தச் சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கப் போறதும் இல்ல. சூடாகாத ஸ்லிக்கில வளைவு எடுக்கிறது எண்ணெய்த் தாச்சியில நடக்கிற மாதிரி. அதோட செக்கண்ட் ஹாண்ட் ஸ்லிக் எண்டா ஏற்கனவே கனதரம் சூடாகி ஆறிச் சூடாகி ஆறிக் காய்ஞ்சு போன ரப்பர், தேயாமக் கிடக்குதே எண்டு பாத்து ஏமாறக் கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒரு கதை, அந்த டயரோட ரோட்டில ஓடவும் ஏலாது. நீங்க திருகோணமலை ஆள், கொழும்புக்கே 260 கிலோமீட்டர் அளவில, அதுக்கங்கால களுத்துறைப் பக்கம் போகோணும், பைக்கிலயே ஓடிப் போறதெண்டா அந்த டயர்லதான் போய் வரோணும்.

சரி, அப்ப எதை எடுக்கிறது? அதே சைஸ்ல, ரோட்டுக்கு ஓடக்கூடிய ஸ்போர்ட் டயர் ஒரு சோடி. பிரெல்லி டியாப்லோ ரோசோ ஸ்போர்ட், மிஷலின் பைலட் ஸ்ட்ரீட், பிரிட்ஜ்ஸ்டோன் பட்லாக்ஸ், டிவிஎஸ் யூரோகிரிப் புரோடோர்க், இப்பிடிக் கேட்டுப் பாருங்க, உங்கட சைஸ்ல எது புதுசா இருக்கோ அதுதான் நல்ல டயர். நான் 'புதுசா' எண்டதுதான் முக்கியம். டயர்ட பக்கத்தில நீளமா எழுத்தும் இலக்கமுமா ஒரு வரி ஓடும், அதிண்ட கடைசியில ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டா 2019ம் ஆண்டு 23வது கிழமை செய்தது. இப்பவும் அப்பிடி டயர் கடையில தொங்குது. எங்கட ஊர்ல டயர் கடைக்காரர் விளம்பரத்துக்கெண்டு நாலு டயர வாசல்ல கொழுவி விடுவினம், காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் மூஞ்சியில வெயில், கடல் காத்து வேற. அதில ஒண்ட எடுத்துப் பக்கச் சுவர பெருவிரலால அமத்தி வளைச்சுப் பாருங்க, மயிர் அளவில கோடு கோடா வெடிப்புத் தெரியும். காசு குறைச்சுத் தந்தாலும் வேணாம், உள்ளுக்கு இருட்டில அடுக்கி வைச்சதில இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்க.

இன்னொண்டு. எங்கட பொடியள் பின் டயர மட்டும் விலை கூடினதாப் போட்டுட்டு முன்னுக்கு பைக்கோட வந்த பழசையே விட்டிடுவாங்கள். பின் டயர் சறுக்கினா கனதரம் பைக் ஒரு ஆட்டு ஆட்டிப்போட்டு நேராகும். முன் டயர் சறுக்கினா நீங்க யோசிக்க முதல் கீழ கிடப்பீங்க. காசு ஒரு டயருக்குத்தான் காணும் எண்டா அந்த மாசம் போகாதீங்க, ரெண்டுக்கும் சேத்துப்போட்டுப் போங்க.

போட்டவுடன ஓரத்தில சரிக்கவும் வேணாம். புது டயர்ட தோல் வழுவழுப்பா இருக்கும், ஒரு நூறு கிலோமீட்டர் ஆறுதலா ஓடி அது போகோணும். இதில ஒரு பகிடி என்னெண்டா, இங்கயிருந்து கட்டுக்குருந்தை வரைக்கும் ஓடினாலும் ஹபரணை ரோட் முழுக்க நேர் ரோட், நடுப்பகுதிதான் தேயும், ஓரம் கடையில வாங்கின மாதிரியே போய் நிக்கும். அதால முதல் செஷன், அதாவது முதல் பதினைஞ்சு இருபது நிமிச ஓட்டம், முழுக்க ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சங் கொஞ்சமாச் சரிச்சு ஓரத்தைப் பழக்குங்க.

கேள்வி: காத்து எவ்வளவு அடிக்கிறது? ஒருத்தர் 20 எண்டுறார், பஞ்சர் கடைக்காரர் 36 அடிச்சு விடுறார்.
— வாசகர், கிண்ணியா

பதில்: இது நல்ல கேள்வி, இந்தப் பக்கத்தில வந்த எல்லாக் கேள்வியிலயும் இதுதான் நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கில டயருக்குக் குடுக்கிற ஆக்கள் காத்துக்கு அஞ்சு நிமிசம் குடுக்கிறேல்ல.

20ம் பிழை, 36ம் பிழை. உங்கட பைக்ல செயின் மூடியிலயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இல்லாட்டி கையேட்டுப் புத்தகத்தில இருக்கும், அதில ஒருத்தர் மட்டும் ஏறினா முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு எண்டு போட்டிருக்கும். அதுதான் தொடக்கம். ஆனா அது குளிர்ந்த டயருக்குச் சொன்ன கணக்கு. காலையில பைக் எடுக்க முதல், வெயில்ல நிக்காத டயருக்கு. நீங்க கிண்ணியாவில இருந்து பாலத்தால ஏறி டவுனுக்கு வந்து பஞ்சர் கடையில பாக்கிறது குளிர்ந்த கணக்கு இல்ல.

கணக்க ஒருக்கா பாப்பம். காலையில 28 டிகிரியில 29 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கிற அலகு, நீங்க சொன்ன 20, 36 எல்லாம் அதுதான்) அடிச்சு வைச்சிருக்கிறீங்க. ட்ராக்ல ஓடி டயருக்குள்ள காத்து 60 டிகிரிக்கு வந்தா அது 33க்கும் 34க்கும் நடுவில வந்து நிக்கும். காத்து கூட அடிக்கேல்ல, சூடுதான் வேலை செய்யுது. இப்ப முதல்லயே 36 அடிச்சிருந்தா 41க்குப் போகும், டயர் கல்லு மாதிரி உருண்டு போய் நிலத்தில படுற இடம் சுருங்கிடும், வளைவில துள்ளும். 20 அடிச்சா டயர் நசிஞ்சு நசிஞ்சு ஓடும், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடு கண்டபடி ஏறும், பைக் திரும்பேக்க சேத்துக்குள்ள நிக்கிற மாதிரி மந்தமா இருக்கும்.

அதால செய்ய வேண்டியது இதுதான். காத்தழுத்தம் பாக்கிற கேஜ் ஒண்டு சொந்தமா வாங்குங்க, கடைக் கேஜ நம்பாதீங்க. காலையில நிழல்ல வைச்சுப் பாத்து எழுதுங்க. செஷன் முடிஞ்சு உள்ள வந்தவுடன, ஹெல்மெட் கழட்ட முதல், திருப்பிப் பாத்து எழுதுங்க. நாலஞ்சு பிஎஸ்ஐ ஏறியிருந்தா சரியான இடத்தில நிக்கிறீங்க. எட்டு ஒன்பது ஏறியிருந்தா காலையில குறைச்சு அடிச்சிட்டீங்க. ஏறவே இல்லையெண்டா ஒண்டில் கூட அடிச்சிட்டீங்க, இல்லாட்டி நீங்க இன்னும் ஓடத் தொடங்கேல்ல. ரெண்டு ரெண்டா மாத்தாம ஒண்டு ஒண்டா மாத்துங்க. பின்னேரம் வீட்ட வெளிக்கிட முதல் ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்குத் திருப்பி அடிச்சிடுங்க, அத மறக்கிறாக்கள்தான் கூட.

இது எங்கட சின்ன பைக் கதை எண்டு நினைக்காதீங்க. மோட்டோஜிபி எண்ட உலக பைக் ரேஸில முன் டயர் 1.80 பாருக்கு, அதாவது கிட்டத்தட்ட 26 பிஎஸ்ஐக்கு, கீழ போகக் கூடாதெண்டு சட்டமே இருக்கு. 2025 மார்ச்சில தாய்லாந்து புரிராம்ல மார்க் மார்க்கேஸ் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவர், நடுவில வேகத்தக் குறைச்சுத் தம்பி அலெக்ஸ முன்னுக்கு விட்டுட்டுப் பின்னால ஓடினார். பாத்துக்கொண்டிருந்த ஆக்களுக்கு விளங்கேல்ல, என்னடா பைக் பழுதோ எண்டு. விசயம் என்னெண்டா, முன்னுக்குத் தனியா ஓடேக்க எதிர்க் காத்து நேரா அடிச்சு முன் டயரக் குளிர்த்திப்போடும், பிறஷர் இறங்கும், தண்டனை விழும். இன்னொரு பைக்குக்குப் பின்னால போனா சூட்டுக் காத்துப் படும், டயர் சூடாகும், பிறஷர் ஏறும். கடைசியில திருப்பி முந்தி வெண்டும் போட்டார். உலகத்திலயே கெட்டிக்காரனெண்டு சொல்லுற ஆள் ரேஸுக்கு நடுவில டயர்ட காத்தப் பற்றி யோசிக்கிறார், நாங்க வெளிக்கிட முதல் ஒருக்கா பாக்க மாட்டமா?

கேள்வி: நைட்ரஜன் அடிச்சா நல்லமா?
— வாசகர், அநுராதபுரச் சந்தி

பதில்: சாதாரண காத்திலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கொம்பிரஷர்ல தண்ணி நிக்கிற கடையில அடிக்காதீங்க, அது காணும்.

கேள்வி: அண்ணா, நான் பொம்பிளப்பிள்ள, எஃப்செட் ஓடுறன். நேர் ரோட்டில பயமில்ல. வளைவு வந்தா பைக் நான் நினைச்ச இடத்தில போகாம வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகுது. டயர் பிழையா? புது டயர் போட்டா சரியாகுமா? ட்ராக் டேக்குப் போக ஆசை, ஆனா இந்த நிலையில போனா சிரிப்பாங்களோ?
— வாசகி, நிலாவெளி

பதில்: சிரிக்க மாட்டாங்க தங்கச்சி, புதுசா வாற குறூப்ல வந்து நிக்கிற அத்தினை பேருக்கும் இதே பிரச்சினைதான், வாயால சொல்ல மாட்டாங்கள். டயர்ல பிழையில்ல. தேய்ஞ்சு நடு தட்டையாப் போயிருந்தா கொஞ்சம் அப்பிடி இழுக்கும், அத ஒருக்கா பாருங்க, மற்றபடி இது கண்ணும் கையும் செய்யிற வேலை.

வளைவுக்குள்ள போகேக்க நீங்க எங்க பாக்கிறீங்க எண்டு அடுத்த தரம் கவனியுங்க. பயம் வந்தா கண் எதுக்குப் பயமோ அதிலயே போய் ஒட்டிக்கொள்ளும், நிலாவெளி ரோட்டில எண்டா அது வெளிப்பக்க ஓரத்தில காத்துக்குக் குவிஞ்சு கிடக்கிற கடற்கரை மண். கண் போற இடத்துக்குத்தான் பைக்கும் போகும். கழுத்தத் திருப்பி, தாடை வளைவு முடியிற பக்கம் பாக்கிற அளவுக்குத் திருப்பிப் பாக்கோணும். கண்ண மட்டும் உருட்டினாக் காணாது. இத ட்ராக்ல பழக்கிறவங்கள் வளைவுக்கு மூண்டு இடத்தில அடையாளம் வைச்சுச் சொல்லிக் குடுப்பாங்கள்: பிறேக் பிடிக்கிற இடம், திருப்புற இடம், உள்பக்கம் ஒட்டிப் போற இடம். ஒண்டுக்கு வந்து சேர முதலே கண் அடுத்ததுக்குப் போயிருக்கோணும்.

அடுத்தது கை. வேகமாப் போகேக்க பைக் வலப்பக்கம் திரும்ப வேணுமெண்டா வலது ஹாண்டில முன்னுக்குத் தள்ளோணும். கேக்க விசர்க் கதை மாதிரி இருக்கும், ஆனா இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல எல்லா ரெண்டு சில்லு வண்டியும் அப்பிடித்தான் திரும்புது, நீங்களும் தெரியாமலே அதத்தான் செய்யிறீங்க. பிரச்சினை என்னெண்டா பயத்தில ரெண்டு கையும் விறைச்சுப் போகும், வலது கை தள்ளுது, இடது கையும் அதே நேரம் தள்ளுது, ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்கும், பைக் நேராப் போகும். அதுதான் உங்கட 'இழுக்குது'. துடையால டாங்கிய இறுக்கிப் பிடியுங்க, முழங்கையக் கோழி சிறகு அடிக்கிற மாதிரி ஆட்ட ஏலுமா எண்டு பாருங்க, ஆட்ட ஏலாட்டி இறுகிப் போயிருக்கிறீங்க.

பிறேக், பைக் நேரா நிக்கேக்கயே பெரும்பகுதி முடிஞ்சிருக்கோணும். தொடக்கத்தில முழுக்கவே முடியுங்க, வளைவுக்குள்ள பிறேக்க மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு போற வித்தைய பேந்து பழகலாம். உள்ள போனாப் பிறகு அக்சிலேட்டர மூடிக்கொண்டு நிக்காதீங்க, மூடினாப் பாரம் எல்லாம் முன் டயர்லயே வந்து நிக்கும். மெல்லிசா, சீரா, ஒருக்கா திறந்தா திறந்து கொண்டே போற மாதிரி. படக்கெண்டு மூடுறதும் படக்கெண்டு திறக்கிறதும்தான் டயருக்கு விசம், பிரெல்லியும் அதத் தாங்காது.

இதில வேகம் எவ்வளவு பெரிய ஆள் எண்டு காட்டுறதுக்கு ஒரு கணக்கு. 30 மீட்டர் ஆரை உள்ள வளைவு ஒண்ட 50ல எடுத்தா பைக் 33 டிகிரி அளவில சரியோணும். அதே வளைவ 60ல எடுத்தா 43 டிகிரி. பத்துக் கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி! ஆர்வத்தில கொஞ்சம் கூடத்தானே எண்டு போறது டயருக்குக் கொஞ்சமில்ல. பிறேக்கும் அப்பிடித்தான், 60ல நிக்க 18 மீட்டர் எடுக்கிற பைக் 80ல கிட்டத்தட்ட 32 மீட்டர் எடுக்கும். அதால வளைவுக்கு முதல் அஞ்சு கிலோமீட்டர் குறைச்சுப் போறது கோழைத்தனம் இல்ல. ஆறுதலா உள்ள போய்க் கெதியா வெளிய வாற ஆள்தான் ஒரு சுத்தையும் கெதியா முடிக்கிறது.

ரோட்டில பழகாதீங்க தங்கச்சி. ஆரிட்டயாவது அனுமதி கேட்டு ஒரு வெறும் காணியில, நாலு பழைய டயர வைச்சு எட்டுப் போட்டுப் பழகுங்க, கழுத்துத் திருப்பிறதும் ஹாண்டில் தள்ளுறதும் 30ல ஓடேக்கயே பழக ஏலும்.

கேள்வி: என்ட பின் டயர்ல ரெண்டு ஓரத்திலயும் ஒரு விரல் அகலத்துக்கு தேயாமக் கிடக்கு. பொடியள் கோழி எண்டு நக்கலடிக்கிறாங்கள். முழங்கால் நிலத்தில படுற அளவுக்கு எப்பிடிச் சரிக்கிறது?
— பெயர் வேண்டாம், பாலையூற்று

பதில்: நக்கலடிக்கிற பொடியள்ட டயரப் போய்ப் பாருங்க, ஓரம் தேய்ஞ்சிருந்தா அது ரவுண்டபவுட்ல சுத்திச் சுத்தித் தேய்ச்சதாத்தான் இருக்கும்.

முழங்கால் நிலத்தில படுறது கெட்டித்தனத்துக்குச் சான்றிதழ் இல்ல, அது அளவுகோல், எவ்வளவு சரிஞ்சிருக்கு எண்டு பாக்கிறதுக்கு. உடம்ப உள்பக்கம் எடுக்கிறதே பைக்க குறையச் சரிக்கத்தான், கூடச் சரிக்க இல்ல. உங்கட பாரம் உள்ளுக்கு வந்தா அதே வேகத்துக்குப் பைக் நிமிந்து நிக்கும், டயருக்குக் கையிருப்பு மிஞ்சும். செய்யிற முறை: வளைவுக்கு முதலே, பிறேக் பிடிக்க முதலே, சீற்ல அரைவாசி உள்பக்கம் நகந்து இருங்க, வெளிக் கால்ட துடையால டாங்கியக் கொழுவிப் பிடியுங்க, உள் கால்ட முன்பாதம் ஃபுட் ரெஸ்ட்ல, தலையும் நெஞ்சும் உள்பக்கக் கண்ணாடி இருந்த இடத்துக்கு. கனபேர் சீற்ல இருந்து தொங்குவாங்கள், தலை மட்டும் டாங்கிக்கு மேல வெளிப்பக்கம் நிக்கும், ஃபோட்டோவுக்கு நல்லாயிருக்கும், பைக்குக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. முழங்காலத் தேடி நிலத்துக்கு நீட்டாதீங்க, அது வாற நேரம் தானா வரும், வராட்டியும் குடி முழுகாது. ஜீன்ஸோட செய்து பாக்கிறதெண்டா ஆஸ்பத்திரிக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு போறதெண்டு முதல்லயே சொல்லி வைச்சிட்டுச் செய்யுங்க.

கேள்வி: தம்பி, மகன் ட்ராக் டேக்குப் போகப் போறன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறான். தாய் அழுகிறா. இது ஆபத்தில்லையா? விடலாமா?
— தகப்பன், கன்னியா

பதில்: ஐயா, ஆபத்தில்ல எண்டு நான் சொல்ல மாட்டன். விழுவாங்கள். ஆனா அவன் விழப் போற இடத்தில மதிலும் இல்ல, லைட் போஸ்ட்டும் இல்ல, எதிர்ல டிப்பரும் வராது, அம்புலன்ஸ் ஆயத்தமா நிக்கும். நிக்குதோ எண்டு நீங்களே நடத்துறவையிட்ட கேட்டுப் பாருங்க, நிக்கேல்ல எண்டா விடாதீங்க. எங்கட டவுன்ல இரவில மான் ரோட்டில படுத்திருக்கு, கந்தளாய்ப் பக்கம் யானை ஏறுது, அதுக்குள்ள இவன் கூட்டாளிமாரோட சீனக்குடா ரோட்டில முறுக்கிறானா இல்லையா எண்டு உங்களுக்குத் தெரியும். வேகத்த அங்க போய்த் தீத்திட்டு வரட்டும்.

ரெண்டு நிபந்தனை வையுங்க. முழு லெதர் சூட், முதுகுக் கவசம், கணுக்கால் மூடின பூட்ஸ், மணிக்கட்டு மூடின கையுறை, தாடை மூடின நல்ல ஹெல்மெட், இது இல்லாமப் போக ஏலாது, இதுகள வாடகைக்கோ இரவலோ எடுக்கலாம், ஹெல்மெட்ட மட்டும் இரவல் வாங்கக் கூடாது. ரெண்டாவது, கொடி பாடமாக்கிப்போட்டுப் போகச் சொல்லுங்க. மஞ்சள் எண்டா முன்னுக்கு ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு எண்டா எல்லாரும் ஆறுதலாகி உள்ள திரும்போணும். மஞ்சளும் சிவப்பும் கோடு போட்டது எண்டா நிலம் வழுக்குது. கறுப்பு வெள்ளைச் சதுரம் முடிஞ்சது. பரிசோதிச்சுப் பாருங்க, பதில் சொல்லத் தெரியாட்டி அடுத்த தரம் பாப்பம் எண்டு சொல்லுங்க. பைக் இன்ஷூரன்ஸும் ட்ராக்ல நடக்கிறதுக்குப் பெரும்பாலும் காசு தராது, அதையும் அவனுக்கு இப்பவே சொல்லி வையுங்க ஐயா, அம்மாட்டயும் நான் கேட்டதாச் சொல்லுங்க.

கேள்வி: டயரத் தவிர பைக்ல வேற என்ன செய்யோணும்? எக்சோஸ்ட் மாத்தவா?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: எக்சோஸ்ட் மாத்துறதுக்கு வைச்சிருக்கிற காச பிறேக்குக்கு மாத்துங்க. நாங்க கடலுக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்கள், பிறேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தக் குடிக்கும். டொட் 4 ஒயில் புதுசில 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கோணும், ஈரம் குடிச்ச ஒயிலுக்கு வைச்சிருக்கிற கணக்கு 155தான். ட்ராக்ல சுத்துக்குச் சுத்து பிறேக் பிடிக்கேக்க ஒயில் கொதிச்சுக் குமிழி வந்தா லிவர் ஹாண்டில் வரைக்கும் போகும், பைக் நிக்காது. வாங்கின நாளில இருந்து மாத்தாதாக்கள் இந்த ஊர்ல கனபேர், மூடியத் திறந்து பாருங்க, தேயிலைச் சாயம் மாதிரி நிறத்தில நிண்டா அதுதான். புது ஒயில், நல்ல பிறேக் பாட், உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்காத செயின், முன் சில்லத் தூக்கி ஆட்டிப் பாத்து பெயரிங் தளந்து ஆடுதா எண்டும் பாருங்க. அதுக்குப் பிறகு கண்ணாடியக் கழட்டி, லைட்டுக்கு டேப் ஒட்டினாச் சரி. ரேடியேட்டர் உள்ள பைக்குக்கு கூலன்ற் இறக்கிப்போட்டு வெறும் தண்ணி விடச் சொல்லிச் சில ட்ராக்ல கேப்பினம், ஏனெண்டா கூலன்ற் கொட்டினா ட்ராக் வழுக்கும்.

கேள்வி: உள்ளூர் டயர் போட்டுக்கொண்டு போனா வெட்கமா?
— வாசகர், மூதூர்

பதில்: இல்ல. ரப்பர் விளையிற நாட்டில இருந்துகொண்டு இந்தக் கேள்விய கேக்கிறதுதான் வெட்கம். சைஸ் சரி, திகதி சரி, காத்துச் சரி எண்டா களனியில செய்த டயரோடயே முதல் ட்ராக் டேய சந்தோசமா முடிக்கலாம், அந்த நாளில டயர்ட எல்லை வர முதல் உங்கட எல்லை வந்திடும்.

கேள்வி: அண்டைக்கு மழை பெய்தா?
— வாசகர், உப்புவெளி

பதில்: ரோட் டயர் போடச் சொன்னதுக்கு இன்னொரு காரணமே இதுதான், வெட்டு இருக்கு, தண்ணிய வெளிய தள்ளும். காத்தக் குறைக்காதீங்க, ஸ்டிக்கர் அளவிலயே விடுங்க, நசிஞ்ச டயர்ல வெட்டு மூடிக்கொள்ளும். மற்றது எல்லாம் அதே வேலைதான், ஆனா மெல்ல. வெள்ளைக் கோட்டில ஏறாதீங்க. மழையில ஓடிப் பழகினாக்களுக்குக் காய்ஞ்ச ட்ராக்ல கை தானா மென்மையாகிடும், அதால மழையெண்டு அறைக்குள்ள இருக்காம ரெண்டு செஷனாவது ஓடுங்க.

கேள்வி: இந்தியாவுக்குப் போய் ஓடலாமா?
— வாசகர், திருகோணமலை டவுன்

பதில்: ஓடலாம். சென்னைக்குப் பக்கத்தில இருங்காட்டுக்கோட்டையில 3.717 கிலோமீட்டர் ட்ராக் இருக்கு, 12 வளைவு. கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே, அது சின்னன், 2.1 கிலோமீட்டர். பைக்கும் சூட்டும் அவையே தந்து, ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் இருத்தி வைச்சுப் பிழை சொல்லிக் குடுக்கிற பள்ளிகளும் இருக்கு. தமிழ்லயே கேட்டுப் படிக்கலாம். என்னைக் கேட்டா, ஒரு சோடி விலை கூடின டயருக்கும் எக்சோஸ்ட்டுக்கும் போற காசில அப்பிடி ஒருக்கா போய் வாறது கன லாபம்.

கேள்வி: ட்ராக் டே முடிஞ்ச கையோட அண்டைக்கே பைக்க ஓட்டிக்கொண்டு ஊருக்கு வரலாம்தானே?
— உவர்மலை வாசகர்ட கூட்டாளி எண்டு போட்டிருக்கு

பதில்: வேணாம் தம்பி. நாள் முழுக்க வெயில்ல லெதருக்குள்ள அவிஞ்சு, கையும் துடையும் நோவெடுத்து, அதோட இரவில ஹபரணை கந்தளாய் ரோட்டில யானைக்கு நடுவால முன்னூறு கிலோமீட்டர்? மூண்டு பேர் போறீங்கதானே, காசு சேத்து ஒரு பட்டா லொறி, அந்தச் சின்ன லொறி, பிடியுங்க, பைக் ரெண்டு ஏத்தலாம், மூண்டாவது ஆள் தன்ட பைக்க இன்னொரு குறூப்போட சேத்து அனுப்பட்டும். ஸ்டாண்ட்ல நிப்பாட்டிக் கட்டாதீங்க, பைக்க நேரா நிப்பாட்டி முன் சில்ல லொறிட முன்பக்கத்தோட முட்டக் குடுத்து, ரப்பர்ப் பிடியில கொழுவாம அதுக்குக் கீழ ஃபோர்க் பிடிக்கிற இரும்பில ரெண்டு பக்கமும் பெல்ட் போட்டு, முன் சொக் அரைவாசி அமருற அளவுக்கு இழுங்க, முழுக்க அமத்தினா சீல் போகும். பின் சில்லுக்கு ஒரு பெல்ட். கொழும்பு தாண்டினாப் பிறகு ஒருக்கா, தம்புள்ளையில தேத்தண்ணிக்கு நிக்கேக்க இன்னொருக்கா இறங்கி இழுத்துப் பாருங்க, தளந்திருக்கும்.